நடுக்கோடு போட்ட நோட்டு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ரகசிய அறிக்கையில் இடம்பெற்றவரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அவர் விஷயத்தில் மற்ற விதிகளை நான் எந்த அளவுக்குக் காப்பாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும். இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட்டுப் போகிறேன். நான் தலைமை எழுத்தராக இருந்த அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். பெரம்பலூரில் தாள்களை வாங்கி, அரியலூரில் இருந்த மேலலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வந்ததை மறுபடியும் வாங்கி வைத்துக்கொள்கிற ஓர் அலுவலகம். அன்றைக்கு அப்படிப்பட்டவை நிறைய இருந்தன.

நான் முதலில் பார்த்தது ஆளை அல்ல, பலகையை. எண்பத்து நாலு வாக்கில், அரியலூர் சாலையில் ஓர் ஓட்டு வீட்டின் முகப்பில் அது ஏறியது. மேலே பெயர். அதன் கீழே ‘நிர்வாக அலுவலர் (ஓய்வு)’. அதற்கும் கீழே ‘பன்னாட்டு அமைதிப்படை’. எழுதியவன் ‘பன்னாட்டு’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தான், மற்றதெல்லாம் கறுப்பு. இருப்பதிலேயே முக்கியமான சொல் அதுதான் என்று நினைத்திருக்கிறான். சரியாகத்தான் நினைத்திருக்கிறான். ஆனால் சிவப்பு மை வெயிலுக்கு நிற்காது என்பது பலகை எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிராம முன்சீப்பையும் கணக்குப்பிள்ளையையும் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்று புதிதாகப் பதவி போட்டு அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ‘நிர்வாக அலுவலர்’ வரைக்கும் படித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நிலத்துக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், கிணற்றுக்குப் பேர் மாற்ற வேண்டும். தான் அந்த அலுவலர் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொல்வார். அப்படியானால் எந்த ஊருக்கு அலுவலர் என்று கேட்பார்கள். அவர் அந்த நாட்டின் பெயரைச் சொல்வார். குரும்பலூரிலிருந்து வந்த ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது எந்தத் தாலுக்காவுல, எந்தப் பிர்க்காவுல வருதுங்க?” என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் கேட்டது சரியான கேள்வி, தனக்குத்தான் பதில் தெரியவில்லை என்பதுபோலச் சொன்னார்.

எனக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. அவருடைய அப்பா செட்டிகுளம் பக்கம் ஒரு பண்ணையில் மாடு பார்த்தவர். மகன் பள்ளி இறுதி முடித்து, பட்டாளத்தில் எழுத்தராகச் சேர்ந்து, டைப் அடித்து, அங்கிருந்து எப்படியோ பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஓர் அமைதிப் பணிக்கு அனுப்பப்பட்டு, பட்டாளத்திலிருந்து விலகி அதிலேயே சேர்ந்து, நிர்வாக அலுவலர் ஆகியிருக்கிறார். பட்டாளத்து எழுத்தர் வெளிநாட்டில் அலுவலர் ஆவதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது என்று தேடினேன். என்னிடம் இருந்த புத்தகங்களில் இல்லை. நான் பி.ஏ. படித்தவன், துறைத் தேர்வுகள் எல்லாம் முதல் தடவையில் தேறியவன், எழுத்தரிலிருந்து தலைமை எழுத்தர் நாற்காலிக்கு வர எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இதைச் சந்தேகம் என்று சொல்வதா வேறு ஏதாவது சொல்வதா என்பதை வாசிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆளைப் பார்த்தது அந்த வருஷம் நவம்பரில். உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்க வந்தார். வெளிநாட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, தாங்கள் சாகவில்லை என்று ஒரு கெஜட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். குள்ளமான ஆள். அரைக்கை வெள்ளைச் சட்டை, கான்வாஸ் ஷூ, கக்கத்தில் நீளமான ஒரு நோட்டு. தாளை வைத்துவிட்டுப் போங்கள், அதிகாரி கையெழுத்துப் போட்டு வைப்பார், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான்.

“அவரு என்னையப் பாக்கலையே சார்.”

“நான்தான் பாத்துட்டேனே. உயிரோடதான் இருக்கீங்க.”

“கையெழுத்து நீங்க போடறதில்லையே. ‘என் முன்னிலையில் நேரில் தோன்றினார்’னு போட்டிருக்கு. அவரு பாத்துட்டுப் போடட்டும். நான் உக்காந்திருக்கேன்.”

அதிகாரி அன்று அரியலூர் போயிருந்தார். இவர் பெஞ்சில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். அதிகாரி வந்ததும் அறை வாசலில் போய் நேராக நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எங்கள் அட்டெண்டர் கலியபெருமாள், “நாடி புடிச்சுப் பாக்கச் சொல்லலையேங்க, அது வரைக்கும் தேவல” என்றான்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பத்தியின் தலையில் ‘கண்டது’. வலது பத்தியின் தலையில் ‘கேட்டது’. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி, இடம். அங்கே வேலை பார்த்தபோது எல்லா அறிக்கையும் அப்படித்தானாம். சண்டை நிறுத்தக் கோடு ஒன்று ஊருக்கு நடுவாகப் போகும். இரண்டு பக்கமும் துப்பாக்கி. நடுவில் இவர்கள். நீங்களா சண்டையை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். இல்லையாம். நிறுத்தப் போனவர்களுக்கு டீசல், கட்டில், கொசுவலை, லீவு, டிரைவர்களுக்கு டூட்டி, அதெல்லாம்தான் இவர் வேலையாம்.

“அதத்தான் நாங்களும் செய்யறோம்” என்றேன்.

“செய்யறீங்க சார். அங்க எழுதறதுக்கு முன்னாடி போய்ப் பாக்கணும், அது ஒண்ணுதான் வித்தியாசம். கேட்டதக் கண்டதா எழுதிட்டோம்னா, மறுநாளு ரெண்டு பக்கமும் சுட ஆரம்பிச்சிடுவாங்க.”

பெரம்பலூரில் அப்படி யாரும் சுடுவதில்லை. ஆனாலும் அவர் பழக்கத்தை விடவில்லை. துறையூர் பஸ் போய்விட்டதா என்று நிறுத்தத்தில் யாராவது கேட்டால், “நான் பாக்கல. போயிடுச்சுன்னு பூக்காரம்மா சொன்னாங்க” என்பார். செட்டிகுளத்தில் மழையா என்றால், “பாக்கல. நனைஞ்ச பஸ் ஒண்ணு வந்துச்சு, அதப் பாத்தேன்” என்பார். ஊரில் அவருக்குப் ‘பாக்கல சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. எதிரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு தடவை அவரைப் பத்திர ஆபீசுக்குச் சாட்சிக் கையெழுத்துக்கு அழைத்துப் போனார். இவர் போய்ச் சேர்வதற்குள் விற்கிறவர் கையெழுத்துப் போட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பத்திரத்தில் ‘எங்கள் முன்னிலையில்’ என்று இருந்ததைப் படித்துவிட்டு இவர் பேனாவை மூடிவிட்டார். மறுபடியும் ஒரு தடவை போடச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார். விற்கிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் போட்டது என் கையெழுத்து இல்லை என்கிறாயா என்று சத்தம் போட்டார். இல்லை, நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன் என்றார் இவர். பத்திர எழுத்தர் தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டுச் சாட்சி போட வைத்தார். அதற்குப் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை.

பலகையைப் பார்த்து வந்தவர்களுக்கு இவர் மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் முதலில் போய்ப் பார்ப்பார். பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று ஒருவர் வந்தால், அவரோடு பஸ் ஏறிப் போய், வரப்பைப் பார்த்து, ‘வரப்பு வெட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். வெட்டியவரைக் காணவில்லை’ என்று எழுதிக் கொடுப்பார். அந்த மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். வாதிக்கும் உதவாது, பிரதிவாதிக்கும் உதவாது. இதை வைத்து என்ன செய்வது என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். “போய்ப் பாக்கலாம் சார்” என்றார்.

சாயங்காலம் நாலரைக்கு மேல் அவர் வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சாலையில் போகும் லாரிகளைக் குறித்துக்கொள்வார். அரியலூர் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல், சிமெண்டு. எண், நேரம், எந்தத் திசை. எதற்கு என்று கேட்டால், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்பார். இருபது வருஷம் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண் குறித்த கையாம். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. காரணம் இல்லாமல் ஒரு பதிவேடு இருக்காது என்பது என் அனுபவம். அந்த வருஷங்களில் எங்கள் அலுவலகத்தைப் பற்றி மொட்டை மனுக்கள் போய்க்கொண்டிருந்தன. யார் எப்போது வந்தார், யார் கையெழுத்தை யார் போட்டார் என்று விவரமாக எழுதியிருக்கும். பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் இவர்தான். நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். விடை அவர் பக்கமே வந்தது.

எண்பத்தேழு செப்டம்பரில் ஒரு கடிதத்தோடு வந்தார். வழக்கமாகப் பெஞ்சில் உட்காருகிறவர் அன்று நேராக மேஜைக்கு வந்தார். வெளிநாட்டுத் தபால்தலை, நீல முத்திரை. ஒரு பாஸ்போர்ட் சீக்கிரம் வாங்க என்ன வழி என்று கேட்டார். அங்கே இருந்தபோது வைத்திருந்த பயணத் தாளை, விலகும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

விஷயம் இதுதான். அங்கே இவரிடம் உள்ளூர் டிரைவர் ஒருவன் இருந்தான். ஒரு நாள் மதியம், தடுப்புக் கட்டைக்கு நூறு கஜம் முன்னால் இவர்கள் வண்டி சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் தூக்கி உள்ளே கை விட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கட்டைக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய் ஒருவன் குன்றின் மேலிருந்து சுடப்பட்டுச் செத்தான். டிரைவர்தான் வண்டியை நிறுத்தி, துணியை ஆட்டிச் சைகை காட்டினான் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். இவர் தன் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். அது எங்கேயோ போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்த வழக்கை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். டிரைவரைப் பக்கத்திலிருந்து பார்த்த சாட்சி இவர் ஒருவர்தான். ஜனவரி முடிவதற்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் செல்லாது.

“அவன் கை ரெண்டும் இஞ்சினுக்குள்ள இருந்துச்சு சார். நான் பாத்தேன்.”

அவர் ‘பாத்தேன்’ என்று அழுத்திச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். எத்தனையோ ஆயிரம் தாள்களைப் பார்த்த கண் இது. மேலே கோப்பு எண் இல்லை. முந்தைய கடிதத்தைச் சுட்டும் ‘பார்வை’ இல்லை. டிரைவரின் பெயர் முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் இரண்டாம் பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். அவர்கள் எழுத்து வேறு, இங்கிலீஷில் எழுதும்போது ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள் என்றார். பிறகு, “உங்க பேரையே எத்தன விதமா எழுதறாங்க சார்?” என்று கேட்டார். என் பணிப் பதிவேட்டிலேயே மூன்று விதமாக இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எதை எதோடு சேர்த்துத் தைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு தவறும் இல்லாமல் சொல்லிக் கொடுத்தேன். ஓர் ஆளைச் சந்தேகிப்பதற்கும் அவருக்குச் சரியான நடைமுறையைச் சொல்வதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் அரியலூர்ப் பக்கம் ரயில் பாலத்தில் குண்டு வெடித்துப் பெட்டிகள் கவிழ்ந்தன. அதிலிருந்து இரண்டு ஊர்களிலும் பை வைத்திருப்பவன், நோட்டு வைத்திருப்பவன், வெளியூர்க் கடிதம் வருகிறவன் எல்லோரையும் போலீஸ் ஒரு தடவை விசாரித்தது. ஊர் இரண்டு தடவை விசாரித்தது. ஜூலைக் கடைசியில் நம் ராணுவம் இலங்கைக்குப் போனது. பத்திரிகைகள் அதற்கு அமைதிப்படை என்று பெயர் எழுதின. ஐப்பசி பிறப்பதற்குள் அங்கே சண்டை தொடங்கிவிட்டது. டீக்கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு நின்றது. நின்ற பேச்சு வேறு குரலில் தொடங்கியது.

அரியலூர் சாலைப் பலகையில் மூன்று வருஷ வெயிலில் சிவப்பு முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. மிச்சம் கறுப்பில் பளிச்சென்று, ‘நிர்வாக அலுவலர் (ஓய்வு), அமைதிப்படை’.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. டீக்கடைக்காரர், “என்ன சார், ஒங்காளுங்க அங்க என்ன பண்றாங்க?” என்று கேட்டிருக்கிறார். “நான் பாக்கல” என்றிருக்கிறார் இவர். மூன்று வருஷமாக ஊர் ரசித்துச் சிரித்த பதில். அன்றைக்குக் கடையில் யாரும் சிரிக்கவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் எழுந்து நின்று கேட்டாராம். பேப்பரில் போட்டிருப்பதைப் படித்தேன், பார்க்கவில்லை என்றாராம். டம்ளரைப் பிடுங்கி வைத்து, இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரத்தில் யாரோ பலகையில் சாணியடித்தார்கள். அவர் தேய்த்துக் கழுவினார். தேய்த்ததில் சிவப்பு இருந்த இடம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. அதைத் திரும்ப எழுதிவிடுங்களேன் என்று கலியபெருமாள் சொல்லிப் பார்த்திருக்கிறான். எழுத்து அங்கேதான் இருக்கிறது, கிட்ட வந்து பார்த்தால் தெரியும் என்றாராம். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள் யாரும் கிட்ட வந்து பார்க்க மாட்டார்கள் என்பது, இருபது வருஷம் நடுவில் நின்றவருக்குத் தெரியாமல் இருந்தது எனக்கு ஆச்சரியம். அதையும் நடிப்பென்றே நினைத்தேன்.

நவம்பரில் பாஸ்போர்ட் விசாரணைத் தாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. போலீஸ் சரிபார்ப்பு தனி. எங்களிடம் கேட்டது பூர்வீகம், நடத்தை. நடைமுறை எனக்கு மனப்பாடம்: சொந்த ஊருக்கு நேரில் போக வேண்டும், மதிப்புள்ள மூன்று பேரை விசாரிக்க வேண்டும், வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். செட்டிகுளத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் போகவில்லை. போய்வந்ததாகப் பயணக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்ல முடியும்:

‘விசாரித்ததில், மேற்படி நபர் அமைதிப்படையில் பணியாற்றியவர் எனவும், அன்னிய நாட்டுத் தபால்கள் பெறுபவர் எனவும், வாகன எண்களைக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர் எனவும் தெரிய வருகிறது.’

ஒரு பொய் கிடையாது. யாரும் சவால் விடலாம். பொய் இருந்தால் அது ‘விசாரித்ததில்’ என்ற முதல் சொல்லில்தான். அந்தச் சொல்லோ ஒவ்வொரு அறிக்கையிலும் வருவது. அதை யாரும் படிப்பதில்லை. ‘பன்னாட்டு’ என்ற சொல்லை நான் எழுதவில்லை. பலகையில் தெரியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பலகை ஏறிய நாளிலிருந்து வாரம் ஒரு தடவை அரியலூர் பஸ்ஸில் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தவன் நான்.

விண்ணப்பம் போட்டதிலிருந்தே அவர் திங்கள்கிழமைதோறும் பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதுவும் கேட்க மாட்டார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து, “போயிட்டு வரேன் சார்” என்பார். டிசம்பர் நடுவில் அறிக்கை அரியலூரிலிருந்து திரும்பி வந்தது, ஒரு வரிக் கேள்வியோடு: ‘எந்த அமைதிப்படை என்பதைத் தெளிவுபடுத்தவும்.’ பதில் ஒரு சொல். எழுதி அன்றைய தபாலில் போட்டிருந்தால் மறுநாள் அரியலூரில் இருந்திருக்கும். நான் கோப்பின் மேல் ‘விவரம் சேகரிக்கப்படுகிறது’ என்று குறித்து, நிலுவையில் வைத்தேன்.

கலியபெருமாள் வாய் சும்மா இருக்காது. அடுத்த திங்கள்கிழமை அவர் பெஞ்சில் உட்காரவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஒரு வார்த்தைதான சார். பன்னாட்டு. அவ்வளவுதானே.”

“அத விசாரிச்சுத்தான் எழுத முடியும்.”

“வாங்க. பலகை அங்கதான் இருக்கு. கிட்ட வந்து பாருங்க. எட்டு நிமிசம் நடை.”

“பாக்கலாம்” என்றேன்.

இந்த ‘பாக்கலாம்’ எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லப்படுவது. பார்க்க மாட்டோம் என்று அதற்குப் பொருள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும். அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு மணி வரை இருக்காமல் உடனே போய்விட்டார். போகும்போது திரும்பி, “ஜனவரி முப்பத்தொண்ணு சார்” என்றார். “அவன் உள்ள போயி பதினோரு வருசம்.”

பொங்கல் கழித்து, ஒரு சாயங்காலம், அந்தச் சொல்லை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நிலுவைப் பட்டியல் கேட்டிருந்தார்கள். அதுவும் ஒரு காரணம். கோப்பு அரியலூர் போய், திருச்சி போய், பாஸ்போர்ட் பிப்ரவரி இரண்டாம் வாரம் வந்தது. அதற்கு மூன்று நாள் கழித்து இன்னொரு வெளிநாட்டுத் தபால் வந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தது திங்கள்கிழமை. வழக்கம்போலப் பத்து மணி. கடிதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஒரே பத்தி. அழைக்கப்பட்ட சாட்சி குறித்த காலத்துக்குள் ஆஜராகாததால், மறு விசாரணை முடிக்கப்பட்டது. பழைய தீர்ப்பில் மாற்றமில்லை.

மேலிடத்தில் தாமதமாகிவிட்டது என்று சொன்னேன். அவர் கக்கத்திலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, கடிதத்தின் மேல் வைத்தார். நவம்பர் மாதத்துத் திங்கள்கிழமை ஒன்று. இடது பத்தியில்: ‘10.05 முதல் 12.00 வரை. தலைமை எழுத்தர் தம் இருக்கையில். தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.’ வலது பத்தியில், அதற்கு நேர் எதிரே: ‘அதே நேரம் தலைமை எழுத்தர் விசாரணைக்காகச் செட்டிகுளம் போயிருப்பதாக.’ பயணக் குறிப்பேட்டை அதிகாரியின் கையெழுத்துக்கு எடுத்துப் போகும்போது கலியபெருமாள் அவரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

நோட்டை வாங்க நான் கை நீட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதை மூடிவிட்டார்.

“இத வச்சு மனு போடப் போறீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப எதுக்குக் காட்டறீங்க?”

“நீங்க பாக்கணும்னுதான்” என்றார்.

கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை.

அவர் மனு போட மாட்டார் என்பதை நான் நம்பவில்லை. பொய்யான பயணக் குறிப்புக்கு என்ன தண்டனை என்பது எனக்குத் தெரியும். விதி எண்ணோடு தெரியும். மனு எந்த வழியாக வரும், யார் விசாரிப்பார், முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பதெல்லாம் தெரியும். பதில்களைத் தயார் செய்து வைத்தேன். தபால் வரும் நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நானே போய் நின்றேன். அதிகாரி கூப்பிட்டு அனுப்பினால் அந்தப் பதில்களை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் மடியில் நோட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். மொட்டை மனுக்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஒன்றிலும் இந்த விஷயம் இல்லை. பின்னால் அவற்றை எழுதியது யார் என்று தெரிந்தது. என்னோடு பதினாறு வருஷம் ஒரே டிபன் பெட்டியில் சாப்பிட்டவர். அவரை நான் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.

அந்த வருஷம் நவம்பரிலும் அவர் உயிர்ச் சான்றுக்கு வந்தார். அதிகாரியின் அறை வாசலில் நேராக நின்றார். என்னைப் பார்த்தபோது தலையசைத்தார். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மறு வருஷம் அரியலூர் சாலை வீட்டில் பலகை இல்லை. காலி செய்துகொண்டு போவதை நான் பார்க்கவில்லை. செட்டிகுளம் பக்கம் போய்விட்டதாகக் கேட்டேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் என் மேல் ஒரு குற்றச்சாட்டும் நிலுவையில் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். இப்போது நானும் வருஷத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருப்பதாகக் காட்ட வரிசையில் நிற்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவர் நிமிர்வதில்லை. தாளை வாங்கி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார். பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்ல ஒவ்வொரு வருஷமும் வாய் வரைக்கும் வருகிறது. இதுவரை சொன்னதில்லை.

அந்தக் கடிதத்தில் ஏன் கோப்பு எண் இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. டிரைவர் பெயரை ஏன் இரண்டு விதமாக எழுதினார்கள் என்பதும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் யாரும் கேட்காத இந்த அறிக்கையை ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று, போன மாதம் ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பத்தியில் எழுத என்னிடம் இருந்தது ஒரு பலகை, ஒரு பெஞ்சு, ஓர் ஆள். வலது பத்தியில் எழுதினேன்: ‘டிரைவரின் கைகள் இரண்டும் இஞ்சினுக்குள் இருந்தன. பார்த்தவர் சொல்லக் கேட்டது.’

நான் அதை நம்பினேனா இல்லையா என்பதை எங்கே எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்கு அவர் நோட்டில் பத்தி கிடையாது.